படம் பிடிக்கப்பட்டவர்கள் படம் பிடிக்கட்டும்!

தொழிலாளர் ஏட்டில் சினிமாவைப் பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலி உயர்வு, போனஸ், லயத்துக் கூரை, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று எழுத வேண்டியவை ஆயிரம் கிடக்க, வெள்ளித்திரைக்கு என்ன அவசரம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மக்களைப் பற்றி ஊர் உலகம் என்ன நினைக்கிறது என்பதை இன்று பெரும்பாலும் சினிமாவே தீர்மானிக்கிறது. ஊர் நினைப்பின்படிதான் போலீஸ்காரன் லத்தியை ஓங்குகிறான். ஆபீசில் மனு அடியில் போகிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் நகர்ந்து உட்காருகிறான். "பாண்டி" என்ற ஒரு சொல்லைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திரையில் நம்மைப் போன்ற ஒருவன் கேலிப்பொருளாக வந்து கொட்டகையே சிரித்தபோது, நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தவர்கள் நாம்.

நம்மைவிடவும் கூடுதலாக இந்தச் சிரிப்புக்கு ஆளானவர்கள் நம் அண்டையிலேயே இருக்கிறார்கள். பாலக்காட்டு எல்லையில் அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர். இடுக்கி மலைகளில் முதுவர், மன்னான். இந்த மலைமக்கள் இப்போது கேமராவின் முன்னால் மட்டுமல்ல, கேமராவின் பின்னாலும் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் குறித்து நாம் என்ன நிலை எடுக்கப்போகிறோம் என்பதே இந்த இதழின் கேள்வி.

மூன்று படிகள்

மலையாள சினிமாவில் ஆதிவாசி வந்த கதையை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி, வேடம். பி. வத்சலாவின் நாவலை வைத்து ராமு காரியாட் 1974-ல் எடுத்த 'நெல்லு' வயநாட்டுத் திருநெல்லியின் கதை. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம்தான். ஆயினும் பெயர் பெற்ற நட்சத்திரங்களே அதில் ஆதிவாசி வேடம் கட்டினார்கள். நல்ல நோக்கம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 2002-ல் வந்த 'பாம்பூ பாய்ஸ்' சாட்சி. சோப்பும் நகரமும் கண்டறியாத காட்டு மனிதர்கள் என்று ஒரு மக்கள் கூட்டத்தையே கோமாளிகளாக்கி, அதை நகைச்சுவை என்று விற்றார்கள்.

இரண்டாம் படி, முகம். ஆதிவாசி தானே திரையில் தோன்றுகிறான். ஆனால் கதையும் கேமராவும் வேறொருவர் கையில். 2006-ல் 'போட்டோகிராபர்' படத்தில் மோகன்லாலுடன் நடித்த வயநாட்டுப் பணியர் சிறுவன் மணிக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. விருது கிடைத்த பின் என்ன ஆயிற்று? பள்ளிக்கூடம் நின்றது, கூலி வேலை தொடர்ந்தது. மீண்டும் அவரைத் திரையில் பார்க்க 2018-ல் 'உடலாழம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருதுக் கேடயம் அடுப்பில் உலை வைக்காது என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் படியில் நல்ல முயற்சிகளும் உண்டு. பிரியநந்தனன் இயக்கிய 'தபாரி குருவி' அட்டப்பாடியின் ஆதிவாசிகளே நடித்து, முழுக்க இருளர் மொழியிலேயே பேசும் படம். தந்தை யாரென்று அறியாத குருவி என்பது தலைப்பின் பொருள். வெளியிலிருந்து வந்தவனால் ஏமாற்றப்பட்ட பெண்களின் வேதனையும், அவர்களுடைய பிள்ளைகளின் கேள்வியும் அந்தத் தலைப்பிலேயே இருக்கின்றன. 2022-ல் கோவாவில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமா பிரிவில் அது திரையிடப்பட்டது. இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்தப் படத்தின் பேச்சில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள். தொலைவில் இருப்பவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

மூன்றாம் படி, கை. கதை யாருடையதோ, கேமராவும் அவர்கள் கையில். வயநாட்டுப் பணியர் குலத்தில் பிறந்த லீலா சந்தோஷ் இந்தப் படியில் கால் வைத்தவர். கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பெண் இயக்குநர் என்று அறியப்படுகிறவர். 'நாடுகத்திக' நாடகத்தையும் 'மாவேலிமன்றம்' நாவலையும் எழுதி, 2024-ல் மறைந்த கே.ஜே. பேபி, ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடத்திய 'கனவு' பள்ளியில் வளர்ந்தவர் லீலா. பரீட்சை மார்க்குக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்யாமல், அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையும் மொழியையும் பாடமாகவே வைத்துக்கொண்ட பள்ளி அது. பணியரின் நிலமும் நம்பிக்கையும் வாழ்முறையும் கைநழுவிப் போவதைப் பற்றி லீலா எடுத்த ஆவணப்படத்தின் பெயரை, நிழல்கள் இழந்துபோகும் கோத்திர பூமி என்று தமிழில் சொல்லலாம்.

2018-ல் அவர் அறிவித்த கதைப்படம் 'கரிந்தண்டன்'. விநாயகன் நடிப்பதாக அறிவிக்கப்பட்டது. யார் அந்தக் கரிந்தண்டன்? தாமரச்சேரிச் சுரத்தில் மலையேறும் வழியை வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் காட்டிக் கொடுத்த பணியன். வழி தெரிந்ததும், பெயர் தனக்கே வர வேண்டுமென்று துரை அவனைக் கொன்றுவிட்டான் என்பது வழிவழியாக வரும் கதை. லக்கிடியில் சங்கிலி பூட்டிய மரம் ஒன்று அவன் நினைவாக இன்றும் நிற்கிறது. ரயில் பாதையும் மலைப்பாதையும் போட்ட இடங்களில் எல்லாம் எஞ்சினியரின் பெயர் கல்லில் இருக்கும். மண் வெட்டியவன் பெயர் எங்கும் இருக்காது. பெயர் இல்லாதவனின் கதையை அவன் குலத்துப் பெண் ஒருத்தி படமாக்க முன்வருவது சாதாரண சங்கதி அல்ல.

வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பணியர்களை ஆண்டு வேலைக்கு ஜன்மிகள் பிடித்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது. முன்பணத்தைக் காட்டிக் கங்காணி நம் பாட்டன்மாரை மலையேற்றிய காலமும் அதற்கு அதிகத் தூரமில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. அந்த அடிமைகளின் பேத்தி இன்று இயக்குநர்.

ஒரே மலை, இரண்டு கேமரா

2018 பிப்ரவரி 22. அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை அரிசி திருடினான் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டிலிருந்து பிடித்து வந்தது. கைகளைக் கட்டியது, அடித்தது, அவர் உயிர் போயிற்று. அடித்தவர்களில் ஒருவன், கைகள் கட்டப்பட்டு நின்றவரோடு சேர்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அந்தப் படம் நாடெங்கும் போயிற்று. மதுவின் தாயும் சகோதரியும் சாட்சிகள் பலர் பிறழ்ந்த பிறகும் தளராமல் வழக்கை நடத்தினார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

அந்தக் கேமராவைப் பிடித்த கை, எதிரில் நிற்பவனை மனிதனாகப் பார்க்கவில்லை. வேட்டையாடிய மிருகத்தோடு துரைமார் எடுத்துக்கொண்ட போட்டோவைப் போலத்தான் அவன் அதை எடுத்தான். அப்படிப் பார்க்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? காட்டில் இருப்பவன் என்றால் அழுக்கன், திருடன், பைத்தியக்காரன் என்று பல ஆண்டுகளாகக் காட்டிய திரைக்கு அதில் பங்கு இல்லையா? இருக்கிறது என்றே நாம் சொல்லுவோம்.

இரண்டே ஆண்டில், அதே அட்டப்பாடியிலிருந்து வேறொரு கேமரா வேறொன்றைக் காட்டியது. 2020-ல் சச்சி இயக்கிய 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் குலத்து நஞ்சியம்மா தம் மொழியில், தாமே கட்டிய பாட்டைப் பாடினார். ஆடு மேய்த்தும் காட்டு வேலை செய்தும் வாழ்ந்தவர். பழனிசாமி நடத்திய ஆசாத் கலாசங்கத்தில் ஊர் ஊராகப் பாடி வந்தவர். பாட்டைப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை முணுமுணுத்தார்கள். படம் வெளியான அதே ஆண்டு ஜூனில் சச்சி காலமானார். 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு அறிவிக்கப்பட்டது. சந்தால் பழங்குடியில் பிறந்த ஜனாதிபதி திரௌபதி முர்முவின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டார். ஓர் ஆதிவாசிப் பெண் கொடுக்க இன்னோர் ஆதிவாசிப் பெண் வாங்கிய அந்தக் காட்சி, மதுவின் படம் ஏற்படுத்திய அவமானத்துக்கு ஒரு சிறு பதிலாவது ஆகும்.

பயிற்சி யாருக்கு?

ஆனால் அந்த மகிழ்ச்சியும் முழுமையாக இருக்க விடப்படவில்லை. ஆண்டுக்கணக்காகச் சங்கீதம் பயின்றவர்கள் இருக்க, சுருதி சேர்த்துப் பாடப் பயிலாத ஒருவருக்கு இந்த விருதா என்று இசைத்துறையில் ஒருவர் கேட்டார். இசைக்கலைஞர்கள் பலர் உடனே நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து இதே கேள்வி பெரிய மேடையில் மீண்டும் வந்தது. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்துவருகிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் இந்தத் திட்டத்தைக் குறைகூறினார். முதல் படம் எடுப்பவர்களுக்குத் தொகை அதிகம், மூன்று பேருக்காகப் பிரித்து ஐம்பது லட்சம் வீதம் கொடுக்கலாம், குறைந்தது மூன்று மாதம் பயிற்சி கொடுத்த பிறகே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊழலுக்கு வழி என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. கலாச்சார அமைச்சர் சஜி செறியான் மேடையிலேயே திட்டத்தை ஆதரித்துப் பேசினார்.

அடூர் பெரிய கலைஞர். அவர் படங்களை மதிக்கிறோம். ஆகவே அவர் சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் எடைபோட்டுப் பார்ப்போம்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டுமா? வேண்டும். அதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஒரு குலத்தின் பெயரைச் சொன்னவுடன் மட்டும் ஊழல் நினைவுக்கு வருவானேன்? பயிற்சி வேண்டுமா? அதுவும் வேண்டும். எந்தத் தொழிலையும் கற்றே செய்ய வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்கும் பயிற்சி உண்டு. அடூர் கற்றது பூனாவில், அரசு நடத்திய திரைப்படக் கல்லூரியில். 1972-ல் வந்த அவருடைய முதல் கதைப்படம் 'சுயம்வரம்' அரசு நிதிக் கழகத்தின் கடனையும் கொண்டு எடுக்கப்பட்டது. பொதுப்பணமும் பொதுக் கல்லூரியும் சேர்ந்து ஒரு பெரிய கலைஞரை நாட்டுக்குத் தந்தன. நல்லதுதான். அதே வழியைப் பணியர் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிடுங்கள் என்கிறோம். தொகையைக் குறைத்தால் படம் மெலியும். படம் மெலிந்தால் "பார்த்தீர்களா, இவர்களுக்கு வராது" என்பார்கள். சத்துணவைக் குறைத்துவிட்டுப் பிள்ளை நோஞ்சான் என்று பழிப்பதைப் போன்றது அது.

பயிற்சியை எங்கே, யார் கொடுப்பது? இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நாட்டின் பூர்வகுடிகளை நெடுங்காலம் வெள்ளைக்காரன் படம் பிடித்தான். முதலில் அளந்து பார்க்கும் பொருளாக, பிறகு காட்டுமிராண்டியாக, பிறகு அனுதாபத்துக்குரியவனாக. 1980-ல் நாட்டின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வகுடிகள் தங்களுக்கென ஒரு ஒலிபரப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் வானொலி, பிறகு பாட்டு கேசட், பிறகு வீடியோ, 1988-ல் சொந்தத் தொலைக்காட்சி நிலையமே ஒளிபரப்பைத் தொடங்கியது. கைத்தேஷ் குலத்தைச் சேர்ந்த வார்விக் தார்ன்டன் என்ற இளைஞர் கேமரா பிடிக்கக் கற்றது அந்த அமைப்பில்தான். 2009-ல் அவர் இயக்கிய 'சாம்சன் அண்ட் டிலைலா', முதல் கதைப்படம் எடுத்தவர்களுக்குக் கான் திரைப்பட விழாவில் அளிக்கப்படும் தங்கக் கேமரா விருதைப் பெற்றது. பாலைநிலத்து இரண்டு இளைஞர்களின் கதை. வசனம் மிகக் குறைவு. பெட்ரோல் முகரும் பழக்கத்தையும் பசியையும் அடியையும் மறைக்காத படம். தன் மக்களின் புண்ணைத் தானே காட்டியதால் அதைப் பார்த்து யாரும் எள்ளி நகையாட முடியவில்லை.

வானொலி தொடங்கியதிலிருந்து அந்த விருது வரை 29 ஆண்டு. மூன்று மாத வகுப்பில் கிடைத்த வெற்றி அல்ல அது. தங்கள் மண்ணில், தங்கள் மொழியில், தங்கள் மூத்தவர்கள் பக்கத்தில் இருக்க, தவறு செய்து செய்து கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது, அதுதான் பயிற்சி. நம் பக்கத்திலும் விதை இல்லாமல் இல்லை. வயநாட்டில் 2009 முதல் இயங்கும் மாற்றொலி சமுதாய வானொலி ஆதிவாசி மொழிகளில் நிகழ்ச்சி கொடுக்கிறது. முதுவர் மொழியில் கவிதை எழுதும் அசோகன் மறையூர் நம் இடுக்கிக்காரர். மன்னான்களின் கூத்தில் கோவலன் கண்ணகி கதை இன்றும் ஆடப்படுகிறது. நம் கண்ணகியை மலையில் காத்து வைத்திருப்பவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

நம் பங்கு என்ன?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் போனால் இந்த ஏடு நேர்மையான ஏடாகாது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் கீழே. நிலத்தை எழுதி வாங்கியவர்கள் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து வந்த குடியேறிகள் மட்டுமல்ல. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து போன தமிழ் நிலக்காரர்களும்தான். பறிபோன நிலத்தை மீட்டுத் தர 1975-ல் கேரளச் சட்டசபை சட்டம் போட்டது. விதிகள் எழுத 1986 வரை ஆயிற்று. 1999-ல் வந்த புதிய சட்டம், வாங்கியவன் கையில் இரண்டு ஹெக்டேர் வரை இருந்துகொள்ளலாம் என்றது.

நிலம் வாங்கியவன் வேறு, நாம் வேறு என்று சொல்லலாம். கூலிக்குப் போன நமக்கு அங்கே ஒரு சென்ட் இல்லை என்பது உண்மை. மூணாறிலும் அப்படித்தான். 1877-ல் கண்ணன் தேவன் மலையைப் பூஞ்ஞாறு ராஜா எழுதிக் கொடுக்க மன்றோ துரை வாங்கினான். முதுவர் திரிந்த காட்டை வெட்டித் தேயிலை நட்டது நம் முன்னோர் கை. லாபம் போனது சீமைக்கு. ஆனால் "தமிழன்" என்ற பெயரில் கூடும்போது உரிமையை மட்டும் பங்கு கேட்டு, பழியை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நிலத்தை இழந்தவனும் நிலமே கிடைக்காதவனும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால் ஆதாயம் யாருக்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம்மை யார் படம் பிடிக்கிறார்கள்? மூணாறுக்குக் கேமராக்கள் கூட்டமாக வந்த நாட்கள் இரண்டை நாம் மறக்க முடியாது. 2015 செப்டம்பரில், போனசைக் குறைத்ததை எதிர்த்துப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை'யாக நடுரோட்டில் உட்கார்ந்தபோது ஒருமுறை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரை விழுங்கியபோது ஒருமுறை. கோபத்தில் ஒருநாள், பிணத்தோடு ஒருநாள். இடையில் இருக்கும் முந்நூற்றுச் சொச்ச நாட்களை யார் காட்டினார்கள்?

ஒருவர் காட்டினார். லெனின் பாரதி இயக்கி 2018-ல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனிப் பக்கத்துக் கூலி, மலையேறி ஏலக்காட்டுச் சுமை தூக்குகிறான். துண்டு நிலம் வாங்க ஆயுள் முழுவதும் முயல்கிறான். கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான். போடி, கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலக்காட்டுக்கு வரும் நம் பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் அழுவது கதைக்காக மட்டுமல்ல. தங்கள் நடையும் பேச்சும் திரையில் கேலியின்றி வந்ததற்காகவும். அந்த உணர்வைத்தான் 'தபாரி குருவி'யைப் பார்த்த இருளர் தாய் அடைந்திருப்பார். அது தெரிந்த பின் ஆதிவாசியைக் கேலி செய்யும் காட்சிக்கு நாம் எப்படிச் சிரிக்க முடியும்?

நாம் கேட்பதும் செய்வதும்

ஆகவே இந்த ஏட்டின் நிலையைத் தெளிவாக வைக்கிறோம்.

ஒன்று: பட்டியல் சாதி, பழங்குடி, பெண் இயக்குநர்களுக்கான ஒன்றரைக் கோடி ரூபாய்த் திட்டம் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் தொடர வேண்டும். எடுத்த படங்கள் பெட்டிக்குள் தூங்காமல் அரசுக் கொட்டகைகளில் ஓட வேண்டும்.

இரண்டு: பயிற்சி நிலையம் தலைநகரில் அல்ல, அகளியிலும் அடிமாலியிலும் வேண்டும். அதில் மூப்பனும் பாட்டுக்காரியும் ஆசிரியர்களாக உட்கார வேண்டும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

மூன்று: ஊருக்குள் படப்பிடிப்பு நடத்த வருகிறவர்கள் ஊர்க் கூட்டத்தின் சம்மதம் பெற வேண்டும். நடித்தவர்க்கும் பாடியவர்க்கும் சினிமாத் தொழிலாளிக்குள்ள கூலியும், பாட்டுக்கு உரிமைத் தொகையும் எழுத்தில் வேண்டும். பொன்னாடை கூலியாகாது.

நான்கு: நம் கிளைகள் ஒவ்வொன்றும் வரும் மாதங்களில் 'தபாரி குருவி', 'மேற்குத் தொடர்ச்சி மலை' இரண்டையும் ஒரே இரவில், முறைப்படி அனுமதி பெற்றுத் திரையிட வேண்டும். பக்கத்து ஆதிவாசி ஊர்க்காரர்களை அழைத்து முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேச வேண்டும். நாம் கேட்க வேண்டும்.

ஐந்து: நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் இன்று செல்போன் இருக்கிறது. அதில் பாட்டியின் குரல் பதியட்டும். எந்த ஊரிலிருந்து எப்படி மலையேறினோம், எந்த லயத்தில் யார் பிறந்தார், எந்த வேலைநிறுத்தத்தில் யார் நின்றார் என்பதைப் பெயரோடும் தேதியோடும் பதிவு செய்யட்டும். அவள் போன பிறகு தேடினால் கிடைக்காது.

தாய்மார்களே, தோழர்களே! மற்றவன் வரைந்த படத்துக்குள் அடைபட்டு வாழ்ந்தது போதும். பணியர் குலத்துப் பெண் கேமராவை எடுத்திருக்கிறாள். அவளுக்கு வழிவிடுவதும் துணை நிற்பதும் நம் கடமை. அவளைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்வது நம் தேவை. அடுத்த படத்தில் நம் லயத்தின் விளக்கும் எரியட்டும். அதை ஏற்றும் கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.